அமத்துங்க

அமத்துங்க என்றுதான் சொன்னேன். லைட்டை அமத்துங்க என்று முழுசாகத்தான் சொன்னேன், ஆனால் எனக்கு எப்போதுமே முதல் சொல் தொண்டையில் தங்கிவிடும், இரண்டாவது சொல்தான் வாசலைத் தாண்டும், அதனால் கோமளாக்கா காதில் விழுந்தது அமத்துங்க மட்டும். எங்கள் உடன்குடிப் பக்கம் அமத்து என்றால் அணை. இந்தச் சென்னையில் அமுத்து என்றால் அழுத்து. கோமளாக்கா ஒரு கையில் போன் டார்ச்சை, எனக்கு உதவி செய்வதாக நினைத்து, நேராக என் கண்ணிலேயே அடித்துக்கொண்டு, மறு கையில் அவருடைய காரின் டிக்கி மூடியைப் பாதி இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே முழங்காலை நெஞ்சோடு ஒட்டி ஒருக்களித்துப் படுத்து, மூடி இறங்கும்போது கீல் பக்கத்தில் புது லைட்டுக்காக நான் இழுத்த வயர் நசுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கூசியது. அமத்துங்க என்றேன். அவர் அமுத்திவிட்டார். டக். கதைகளில் பாதாளத்துக்குள் விழுகிறவனுக்குக்கூட விழுகிற நேரம் என்று ஒன்று உண்டு, போகிற வழியில் நாலு வேரைப் பிடிக்கலாம், ஒரு சாமியைக் கூப்பிடலாம். எனக்கு ஒரு டக். வெளியே வில்லிவாக்கத்தில் சாயங்கால வெயில் அடிக்கிறது, என் அக்காவைக் கட்டிய அத்தானுடைய கார் அலங்காரச் சாமான் கடை வாசலில் இந்தக் கார் நிற்கிறது, இந்தக் காரின் டிக்கிக்குள் நான் இருக்கிறேன்.

நான் ஒட்டிய லைட்டும் டக்கோடு அணைந்தது. அணையத்தான் வேண்டும், மூடி திறந்தால் எரியவும் சாத்தினால் அணையவும் நான்தான் அதைப் பூட்டின் சுவிட்சோடு சேர்த்தேன், சரியாகச் சேர்த்தேன், நான் ஒழுங்காகச் செய்த வேலைதான் என்னை இருட்டில் போட்டிருக்கிறது. வீட்டில் முதன்முதலாக ஃப்ரிட்ஜ் வந்தபோது எங்கக்காவும் நானும் இதற்குத்தான் சண்டை போட்டோம், சாத்தினால் உள்ளே லைட் எரியுமா அணையுமா. அணையும் என்று நான் சொன்னேன், எரியும் என்று அக்கா. “யாராவது உள்ள போயிப் பாத்தாத்தாம்ல தெரியும்” என்று சொல்லி அவள் முடித்துவிட்டாள். அக்கா, அணையுதுக்கா. நல்லா அணையுது. இதைச் சொல்லச் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் சாவி என் பேன்ட் பாக்கெட்டில் தொடையைக் குத்துகிறது. டிரைவர் சீட் பக்கத்தில் டிக்கியைத் திறக்கிற லீவர் ஒன்று உண்டு, அதன் கேபிள் அறுந்து எவ்வளவோ நாளாச்சு, சாவி போட்டால்தான் திறக்கும்பா என்று கோமளாக்கா காரை விடும்போதே சொன்னார். “ஐயய்யோ! தம்பி! உள்ள கீறியா?” உள்ளே இல்லாமல் எங்கே போவேன். “நீதானப்பா அமுத்துன்னு சொன்ன? நான் இன்னாத்துக்கோ சொல்றியேன்னு அமுத்திட்டேன். சாவி எங்க?” என் பாக்கெட்ல என்றேன். “இன்னா கெட்டுப்போச்சு?” பாக்கெட்ல, பாக்கெட்ல. வெளியே மூடியை ஒரு தரம் இழுத்துப் பார்க்கிற சத்தம். பிறகு, “வீணாப்போச்சு போ. இரு, உங்க ஓனரக் கூப்டுறேன், அவரு போன்ல கீறாரு. தம்பி, மூச்சு கீச்சு முட்டுதா? உயிரோட இருந்தா ஒரு தட்டு தட்டு.” தட்டினேன். “நல்ல புள்ள” என்றார்.

மூச்சு முட்டவில்லை. டிக்கி ஒன்றும் காற்று புகாத பெட்டி இல்லை, பின் சீட்டின் இடுக்கில் காற்று வரும், கதவுகளை இப்போதுதான் திறந்து வைத்தேன், இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்த தலைக்கும் முட்டுகிற நெஞ்சுக்கும் நடுவில் ஏதோ ஒரு வயர் இல்லை. தகரம் மேலே சுடுகிறது. முதுகுக்குக் கீழே ஸ்டெப்னி டயரின் மேடு. மூக்கில் புதுச் சேலைக் கஞ்சி வாசம், அந்த வாசத்துக்கு அடியில் பெட்ரோல், அதற்கும் அடியில் ஒட்டுப் பசையைத் துடைக்க நான் போட்ட தின்னர். கோமளாக்கா இந்த டிக்கியில்தான் சேலை விற்கிறார், சாயங்காலமானால் ஏதாவது ஒரு அடுக்குமாடி வாசலில் காரை நிறுத்தி டிக்கியைத் திறப்பார், அதுதான் கடை. கம்பெனிக்காரன் வைத்த லைட் ஒரு மூலையில் பீடி நெருப்பு மாதிரி. அதுவும் மஞ்சள். “மஞ்ச லைட்ல மெரூனும் பிரவுனும் ஒண்ணாத் தெரியுதுப்பா. இங்க பாத்துட்டு சூப்பர்னு வாங்கிட்டுப் போறாளுங்க, மறுநா காலையில வந்து, நீ காட்டுனது வேற இது வேறன்றாளுங்க. எனக்கு வெள்ளையா வேணும். உள்ளது உள்ளபடி தெரியணும்.” உள்ளது உள்ளபடி. மூடியின் ஓரமாக, மேலிருந்து சேலைமேல் விழுகிற மாதிரி, வெள்ளை லைட்டைப் பட்டையாக ஒட்டியிருக்கிறேன். கை தானாக மேலே போய்த் தடவுகிறது. பட்டை இருக்கிறது, வளைவில் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருக்கிறது, அமுக்கிவிடுகிறேன், அதைத் தாண்டி வயர், அதைத் தாண்டி பூட்டு, பூட்டின் பின்னால் நூல் நூலாகப் பிரிந்த ஒரு கம்பி முனை. அறுந்த கேபிள். லீவர் பக்கத்துத் துண்டுதான் விட்டுப்போயிருக்கிறது, இந்தப் பக்கம் இன்னும் பூட்டில் மாட்டித்தான் இருக்கிறது. கட்டிங் பிளேயர் என் இடுப்புக்கடியில் கிடக்கிறது. கேபிளைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் திறந்துகொள்ளும்.

இழுக்கலாம். இழுக்கவில்லை. கொஞ்சம் போகட்டும் என்று ஒரு எண்ணம், எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நாலு வாரமாக எல்லாவற்றுக்கும் வருகிற அதே எண்ணம், கொஞ்சம் போகட்டும். நாலு வாரம் முன்னால்தான் கனி வந்திருந்தாள். ராஜகனி, அத்தானுடைய தங்கச்சி, ஊரில் நர்சிங் படிக்கிறாள், லீவுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அவளை எனக்குக் கொடுப்பது என்று ரெண்டு வீட்டிலும் பேச்சு. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறது, எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாதுகாப்பு கிடையாது என்பார்கள், அங்கே என் அக்கா இருப்பதால் இங்கே அத்தான் தங்கச்சியை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, இங்கே அவர் தங்கச்சி இருப்பதால் அங்கே என் அக்காவை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் பூட்டு. கனி ஊருக்குத் திரும்புகிற அன்றைக்கு நான் அடுக்களையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்ப வந்தவள் மாதிரி வந்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள். “எனக்கு இது வேண்டாம். படிச்சு முடிச்சு வேலைக்குப் போவணும். நீங்களே வேண்டாம்னு சொல்லிருங்க. நான் சொன்னா, எவன்டி அவன்னு கேப்பாவ. நீங்க சொன்னா, ஏன்னு மட்டுந்தான் கேப்பாவ.” நான் ம் என்றேன். பாட்டில் நிரம்பி வழிந்தது, அவள் குழாயை மூடினாள், போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அத்தான் என் இலையில் ஒரு மீன் துண்டைத் தூக்கி வைத்து, “என்ன மாப்ள, கனியப் பாத்தல்லா?” என்றார். பார்த்தேன்தானே. ம் என்றேன். அத்தான் அக்காவைப் பார்த்துச் சிரித்தார், அக்கா எனக்கு இன்னொரு துண்டு வைத்தாள். ஒரே நாளில் ஒரே ம்மை ரெண்டு பேருக்குக் கொடுத்துவிட்டேன். ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள், இன்னொருத்தர் அதை வைத்து நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லப் போகாமல் இல்லை. கடையைச் சாத்தும்போது ஒருமுறை அத்தான் என்று கூப்பிட்டேன், அவர் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார், அந்தச் சத்தத்தில் நான் அத்தான் என்றதே அவருக்குக் கேட்கவில்லை, அதற்கு மேல் இருந்ததை விழுங்கிவிட்டேன். அக்காவிடம் சொல்லலாம் என்று போனால், நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவள், “நீ எதும் எடக்கு பண்ணிராதல, நான் இங்க இருக்க வேண்டாமா?” என்றாள், தேங்காய் துருவிக்கொண்டே, துருவலைப் பார்த்தே சொன்னாள். இதெல்லாம் காரணங்கள். இருட்டில் படுத்திருந்தால் காரணங்களுக்கு அடியில் கிடக்கிறதும் கைக்குத் தட்டுப்படுகிறது, ஸ்டெப்னி மாதிரி. எனக்குக் கனியைப் பிடித்திருக்கிறது. அதுதான். அவள் குழாய்ச் சத்தத்துக்குள் பேசியபோது அவள் சொன்னது காதில் விழுந்ததைவிட, என்னிடம் வந்து ரகசியம் பேசுகிறாளே என்பதுதான் உள்ளே விழுந்தது. நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், ஆவணியில் மணவறையில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மஞ்சள் வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரியும். அப்புறம் ஒருநாள் காலையில், ஒரு சாதாரணக் காலையில், காபி டம்ளரை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்ப்பாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கக்கூட மாட்டாள்.

எங்கள் தாத்தா சொல்கிற கதை ஒன்று. ஒரு ஊரில் ஒருத்தன், அவனைத் தேடி ஆள் வருகிறது, அவன் நெல் கொட்டுகிற குதிருக்குள் இறங்கி ஒளிந்துகொள்கிறான், பிள்ளையிடம் சொல்லி வைக்கிறான், அப்பன் எங்கே என்று கேட்டால் வீட்டில் இல்லை என்று சொல்லு. ஆள் வந்து வாசலில் நின்று, எங்கடா உங்கப்பன் என்று ஒரு அதட்டு அதட்டுகிறது, பிள்ளை பயந்துபோய், எங்கப்பன் குதிருக்குள்ள இல்லை என்கிறது. அங்கே தாத்தா நிறுத்திவிடுவார். எல்லாரும் சிரிப்போம், தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி சிரிப்பார். குதிருக்குள் இருந்தவன் என்ன ஆனான் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க நினைத்தேன், முதல் சொல் தங்கிவிட்டது. அவனும் இப்படித்தான் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பான், தவிட்டுத் தூசி மூக்கில் ஏறும், தும்மக்கூடாது. வாசலில் தன் பிள்ளையின் குரல் தன்னைக் காட்டிக்கொடுப்பதைக் கேட்கிறான். அந்தக் குரலுக்கும் ஆளின் கை குதிர் மூடியில் படுவதற்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறதே, அதில் அவன் என்ன நினைத்தான்? தானே எழுந்து நின்றுவிடலாமா என்று நினைத்தானா? அந்த நேரத்தைத் தாத்தா கதையில் வைக்கவில்லை. அதற்குள்தான் நான் படுத்திருக்கிறேன். வியர்வை காதுக்குள் இறங்குகிறது, துடைக்க முழங்கையை மடக்க முடியவில்லை, இடது கால் மரத்துவிட்டது, கால் இருக்கிறதா என்று பார்க்க விரலை அசைக்கிறேன், அசைந்ததா என்று தெரியவில்லை.

“ஓனர் சார், அந்தப் புள்ள டிக்கில மாட்டிக்கிச்சு.” செருப்புச் சத்தம். அதோடு அத்தானின் குரலும் வருகிறது, இன்னொரு குரலும் வருகிறது, அத்தான் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், கையில் கிரீஸ் இருக்கும். இன்னொரு குரல் என் அப்பா. உடன்குடியிலிருந்து என் அப்பா, தகரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில். “...ஆவணி மொதல் முகூர்த்தமே நல்லாருக்குன்னு சோசியர் சொல்லுதாரு மாப்ள.” “அப்ப அதயே முடிச்சிருவோம் மாமா. மண்டபத்துக்கு இப்பமே ஆளச் சொல்லிருதேன். ஏக்கா, என்னது, எங்க மாட்டிக்கிட்டான்?” “டிக்கில சார். அமுத்துன்னான், அமுத்திட்டேன். சாவி அவன் பாக்கெட்ல.” அத்தான் சிரிக்கிறார். அவர் சிரித்தால் பக்கத்தில் நிற்கிற கார் கண்ணாடிகூட அதிரும், நல்ல மனுஷர், என்னைக் கடையில் வைத்துக்கொண்டு தொழில் பழக்கினவர், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை, அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். “மாமா, ஒங்க மவன் என்ன காரியம் பண்ணிருக்கான் தெரியுமா? கார் டிக்கிக்குள்ள போயிப் படுத்துக்கிட்டான்.” “அவன் சின்னதுலயே அப்படித்தான், கட்டிலுக்கடியில கெடப்பான். மாப்ள, அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டியளா?” “கேக்காம என்ன மாமா. கனியப் பாத்தியான்னேன். ம்ன்னான்.” “அவன் வாயத் தொறக்க மாட்டான். பிடிக்கலன்னா மூஞ்சியில தெரியும்.” “மூஞ்சி இப்பம் தெரியல மாமா, டிக்கிக்குள்ள கெடக்கு.” ரெண்டு பேரும் சிரித்தார்கள். கோமளாக்காவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

பிறகு தகரத்தில், என் தலைக்கு நேர்மேலே, உள்ளங்கை விழுந்தது. “மாப்ளேய்! கேக்காடே? ஒங்கப்பா லைன்ல இருக்காரு. கனிக்கும் ஒனக்கும் ஆவணியில நாள் வைக்கப் போறோம். சம்மதம்னா சும்மா கெட. வேண்டாம்னா ஒரு தட்டு தட்டு.” மறுபடி சிரிப்பு. விளையாட்டுத்தான். விளையாட்டில்தான் எல்லாம் முடிவாகிறது, இலையில் ஒரு மீன் துண்டு வைக்கிற மாதிரி. சும்மா கெட. எனக்கு ரொம்ப நன்றாகத் தெரிந்த வேலை. வெளியே அவர்கள் காத்திருக்கிற மாதிரிகூட இல்லை, அத்தான் கோமளாக்காவிடம் ஸ்பேர் சாவி வீட்டில் இருக்கிறதா என்று கேட்கிறார், யாரோ ஸ்கூட்டரை உதைக்கிறார்கள், அது கிளம்ப மாட்டேன் என்கிறது. கனி இந்த நேரத்தில் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்பாள். நீங்களே சொல்லிருங்க. கை இருட்டில் எழுந்து தகரத்துக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கிறது, என் கை மாதிரி இல்லை, நான் படுத்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன், பார்க்க முடியாது, ஆனாலும் பார்க்கிறேன். அக்கா தேங்காய் துருவுகிறாள். துருவட்டும். தட்டினேன்.

“பாவம் சார், உயிரோட இருக்கேன்னு சொல்லுது” என்றார் கோமளாக்கா. “நான்தான் தட்டச் சொன்னேன்.” “பயந்துட்டான் மாமா” என்றார் அத்தான், “தொறந்து விடுங்கன்னு தட்டுதான். அப்பம் நான் மண்டபத்துக்குச் சொல்லிருதேன்.” இன்னொரு தட்டு தட்டினேன். “இருடே, இரு, ஆள் அனுப்பிருக்கேன் சாவிக்கு.” என்னுடைய தட்டுக்கும் ரெண்டு அர்த்தம் ஆகிவிட்டது. அமத்துக்கு ரெண்டு அர்த்தம், ம்முக்கு ரெண்டு அர்த்தம், தட்டுக்கும் ரெண்டு அர்த்தம், எதைக் கொடுத்தாலும் வாங்குகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதாக மாற்றிக்கொள்கிறார்கள், வேறாக மாற்ற முடியாத ஒன்று வேண்டும், வெள்ளையாக வேண்டும், உள்ளது உள்ளபடி. இடுப்புக்கடியில் பிளேயரைத் தேடினேன், அது ஸ்டெப்னி பள்ளத்தில் வழுக்கி விழுந்திருந்தது, விரல் நுனியால் இழுத்தேன், கேபிள் முனையைக் கவ்வினேன், முதல் தடவை நழுவி ஒரு நூல் கம்பி விரலில் ஏறியது, ரெண்டாம் தடவை கவ்வியது. இழுத்தேன். டக். அதே டக். மூடி தானாக எழும்பியது, நான் ஒட்டிய பட்டை ஒரே வீச்சில் எரிந்தது, முழு வெள்ளை, அத்தானின் கையில் கிரீஸ் எந்த ரேகையில் ஓடுகிறது என்றுகூடத் தெரிந்தது, கோமளாக்காவின் சேலை நான் நினைத்திருந்த மாதிரி கறுப்பு இல்லை, கருநீலம். அத்தான் போனை இன்னும் டிக்கியின் பக்கம்தான் நீட்டிப் பிடித்திருந்தார், என் வாய்க்கும் அதற்கும் ஒரு சாண். கத்த வேண்டியதே இல்லை. எழுந்து உட்கார்ந்தேன், இறங்கப் பார்த்தேன், கால் மரத்திருந்தது, இறங்க வரவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னேன். எனக்கு என்று ஆரம்பித்தேனா கனிக்கு என்று ஆரம்பித்தேனா, அது எனக்கே தெரியாது, எப்போதும் போல முதல் சொல் தொண்டையிலேயே தங்கிவிட்டது. நல்லவேளை.

“வேண்டாம்.”

சிரித்த முகத்தை அத்தான் உடனே எடுக்கவில்லை, அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, பிறகு இறங்கியது. போனுக்குள் அப்பா, “யாரு மாப்ள அது, யாரு பேசுதா?” என்றார். கோமளாக்கா டார்ச்சை இன்னும் என் கண்ணிலேயே அடித்துக்கொண்டிருந்தார். அத்தான் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் காத்திருந்தேன், எந்தச் சொல் வரப்போகிறது, கனி சொன்ன அந்த ஒரு சொல்தானா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு, அங்கே ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒருத்தியும் கூடவே காத்திருக்கிற மாதிரி.

“ஏன்டே?” என்றார்.